கேஸ் நம்பரை பாத்து கைதியை பிரிக்காதீங்க, ஆளை பாத்து பிரிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஜெயில்ல கைதிகளை வகை பிரிக்கறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். சின்ன திருட்டு கேஸ்ல உள்ள போறவனை கொலை கேஸ் ஆளு பக்கத்துல போடக்கூடாது, பெரிய கேஸ் தனி சின்ன கேஸ் தனின்னு பிரிச்சிட்டா பாதி பிரச்சனை தீந்துடும்னு எழுதியிருந்தீங்க. கேக்க நியாயமா தான் இருக்கு, படிக்கறவங்க நிறைய பேரும் அப்படி தான் நெனைப்பாங்க. ஆனா நான் வக்கீல், இலவச சட்ட உதவி வேலையா ரொம்ப வருஷம் ஜெயிலுக்குள்ள போய் வந்தவன், என்னால இத ஒத்துக்க முடியல. கேஸ் என்னங்கறது அந்த ஆளு வெளிய என்ன செஞ்சதா போலீஸ் சொல்லுதுங்கறத மட்டும் தான் காட்டும், உள்ள அவன் யார்கூட தங்கினா என்ன நடக்கும்ங்கறத அது சொல்லவே சொல்லாது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு தான் பல நாட்டுல ஆளுங்க செத்திருக்காங்க, அத பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்லையேன்னு தான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பிரிக்கறதே வேணாம்னு நான் சொல்லல. இங்கிலாந்துல ஜான் ஹோவர்ட்னு ஒருத்தர் 1773 ல பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துக்கு ஷெரிஃபா (ஜெயிலுக்கும் பொறுப்பான அதிகாரி) வந்தப்புறம் நாடு பூரா ஜெயில் ஜெயிலா போய் பாத்து 1777 ல ஒரு பெரிய ரிப்போர்ட் போட்டாரு. கடன் கட்ட முடியாம உள்ள வந்தவன், கொள்ளைக்காரன், பொம்பளைங்க, சின்ன பசங்க எல்லாரும் ஒரே கூடத்துல கிடந்தத அவர் எழுதி வச்சதுக்கப்புறம் தான் பிரிக்கணும்ங்கற பேச்சே பெருசா கிளம்புச்சு. 1813 ல எலிசபெத் ஃப்ரைங்கற அம்மா லண்டன் நியூகேட் ஜெயிலுக்குள்ள போய் பொம்பளைங்களும் கொழந்தைங்களும் இருந்த நிலமைய பாத்தாங்க, 1823 ல வந்த சட்டம் பெண் கைதிகளுக்கு பெண் காவலர் தான் இருக்கணும்னு சொல்லுச்சு. நம்ம 1894 சிறைச் சட்டத்துலயும் 27 ஆம் பிரிவுல ஆண் பெண் தனி, வயசு கம்மியானவங்க தனி, விசாரணைக் கைதி தனி தண்டனைக் கைதி தனி, சிவில் கைதி தனின்னு தான் இருக்கு. ஐ.நா. சபை 2015 டிசம்பர்ல ஏத்துக்கிட்ட, கைதிங்கள எப்படி நடத்தணும்னு சொல்ற மண்டேலா விதிகள்லயும் 11 ஆவது விதி கிட்டத்தட்ட இதே தான். இதுல யாருக்கும் சண்டை இல்ல. சண்டை இதுக்கு அப்புறம் தான் ஆரம்பிக்குது, ஏன்னா இந்த நாலு கோட்டையும் போட்டு முடிச்சப்புறமும் ஒரு பிளாக்ல நூத்துக்கணக்குல ஆம்பளைங்க இருப்பாங்க, அதுல யார யார்கூட போடறதுங்கறது தான் உண்மையான கேள்வி.

கட்டுரையாளர் அதுக்கு செக்‌ஷனை பாருங்கன்னு பதில் சொல்றாரு. ஜெயில்ல ரொம்ப நாள் டியூட்டி பாத்த எந்த வார்டரை வேணா கேட்டு பாருங்க சார், ஆயுள் தண்டனைல இருக்கற வயசானவர் தான் பிளாக்லயே அமைதியான ஆளுன்னு சொல்வாரு. அவருக்கு அது வீடு மாதிரி ஆயிடுச்சு, நன்னடத்தை தள்ளுபடி இருக்கு, பரோல் இருக்கு, அத கெடுத்துக்க மாட்டாரு. யாரு தகராறு பண்றான்னு பாத்தா நேத்து ராத்திரி ரிமாண்ட்ல வந்த இருபது இருபத்திரெண்டு வயசு பையன், கேஸ் என்னன்னா அடிதடி, ரெண்டு மாசத்துல பெயில்ல போயிடுவான், இழக்க ஒண்ணும் இல்ல, போதை இறங்கி கைகால் நடுங்குது, தூக்கம் இல்ல. ஆராய்ச்சி பண்ணவங்களும் பல நாட்டுல இதையே தான் சொல்லியிருக்காங்க, உள்ள யார் வம்பு பண்ணுவாங்கன்னு கணிக்கறதுக்கு வயசும், இதுக்கு முன்னாடி ஜெயில்ல எப்படி நடந்துக்கிட்டாங்கங்கறதும் உதவற அளவுக்கு கேஸோட கடுமை உதவாதுன்னு. தப்பிச்சு போன சரித்திரம் இருக்கா, மனநலம் எப்படி, போதை பழக்கம் இருக்கா, உள்ளயே யாராவது எதிரி இருக்காங்களா, இதெல்லாம் எஃப்.ஐ.ஆர்.ல இருக்காது.

இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன், உலகம் பூரா ஜெயில் நிர்வாகத்த பத்தி பேசறவங்க மறக்காத உதாரணம். லண்டன் பக்கத்துல ஃபெல்தம்னு இளங்குற்றவாளிங்களுக்கான ஜெயில் இருக்கு. ஜாகித் முபாரக்னு 19 வயசு பையன், சேவிங் பிளேடு திருடினது, ஒரு கார்ல கை வச்சது, இந்த மாதிரி சில்லறை கேஸ், 90 நாள் தண்டனை. அவன் செல்லுல இன்னொரு பையனை கொண்டாந்து போட்டாங்க, கிட்டத்தட்ட அதே வயசு, 20. அவன் மேல அப்ப இருந்ததும் கொலை கேஸ் இல்ல, ஒருத்தருக்கு தொல்லை கொடுத்த கேஸ் தான், அதாவது செக்‌ஷனை வச்சு பாத்தா ரெண்டு பேருமே சின்ன கேஸ், உங்க கட்டுரை சொல்ற முறைப்படி ரெண்டு பேரும் ஒரே செல்லுல தான் இருக்கணும். ஆறு வாரம் போல ஒண்ணா இருந்தாங்க. 2000 மார்ச் 21 விடியக்காலைல, ஜாகித் விடுதலையாகி வீட்டுக்கு போகவேண்டிய அதே நாள்ல, தூங்கிட்டு இருந்தவனை மேஜைக் காலால அடிச்சான் அந்த பையன், ஒரு வாரத்துல ஜாகித் ஆஸ்பத்திரில செத்துட்டான்.

இதுல கொடுமை என்னன்னா தகவல் எல்லாம் இருந்துச்சு. அந்த பையன் இனவெறி பிடிச்சவன், அவன் எழுதின லெட்டர்ங்கள ஜெயில்லயே பிடிச்சு படிச்சிருக்காங்க. மனநல நர்ஸ் ஒருத்தர் அவனை பாத்து ஆளுமைக் கோளாறு இருக்குன்னு குறிச்சு வச்சிருக்காரு. முன்னாடி இருந்த ஜெயில்ல அவனோட கூட்டாளி ஒரு கைதியை கொன்னப்ப இவனும் அங்க இருந்தவன். இதெல்லாம் ஒவ்வொரு ஃபைல்ல ஒவ்வொரு மூலைல இருந்துச்சு, செல்லு ஒதுக்கினவர் கைக்கு அது ஒழுங்கா வந்து சேரல, வந்ததையும் யாரும் படிக்கல, காலியா ஒரு பெட் இருந்துச்சு போட்டுட்டாங்க. அரசாங்கம் வெளிப்படையான விசாரணை வேணாம்னு தள்ளிப்போட்டுச்சு, குடும்பம் கோர்ட் கோர்ட்டா ஏறி 2003 ல பிரபுக்கள் சபை (அப்ப அங்க கடைசி கோர்ட் அது தான்) வரைக்கும் போய் ஜெயிச்சு தான் விசாரணைய வாங்குச்சு. 2006 ல நீதிபதி கீத் குடுத்த ரிப்போர்ட்ல 186 தவறு நடந்திருக்குன்னு எண்ணி எழுதியிருக்காரு. 186 இடத்துல யாராவது ஒருத்தர் நின்னு யோசிச்சிருந்தா அந்த பையன் வீட்டுக்கு போயிருப்பான். இந்த கொலைக்கு அப்புறம் தான் ரெண்டு பேரை ஒரு செல்லுல போடறதுக்கு முன்னாடி தனியா ஒரு ஆபத்து மதிப்பீடு பண்றத அங்க ஒழுங்கா கொண்டுவந்தாங்க.

அதனால வகை பிரிக்கறதுன்னா எனக்கு மூணே கேள்வி தான். இந்த ஆளால யாருக்கு ஆபத்து, இந்த ஆளுக்கு யாரால ஆபத்து (தன்னாலயே ஆபத்துங்கறதும் இதுல சேத்தி, ஏன்னா உள்ள வந்த மொத சில நாள்ல தான் தற்கொலை பயம் ஜாஸ்தி), அப்புறம் இவருக்கு என்ன தேவை, மருந்தா, படிப்பா, வேலையா. பாதுகாப்பு லெவல் எவ்வளவுங்கறது இந்த மூணுக்கும் பதில் கெடச்சதுக்கு அப்புறம் தான் வரணும். ஆனா எல்லா ஊர்லயும் தலைகீழா தான் நடக்குது, எந்த பிளாக்ல எடம் இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் ஃபாரத்தை நிரப்பறாங்க.

பாதுகாப்பு லெவல் பத்தியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்துல ஏ பி சி டி ன்னு நாலு கேட்டகரி இருக்குல்ல, அது எப்படி வந்துச்சு தெரியுமா, ஜார்ஜ் பிளேக்னு சோவியத்துக்கு உளவு பாத்தவரு, 42 வருஷம் தண்டனை, 1966 அக்டோபர்ல வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் ஜெயில் சுவர் ஏறி தப்பிச்சு போயிட்டாரு. நாடே கொந்தளிச்சுது, மவுண்ட்பேட்டன் பிரபு (நம்ம கடைசி வைஸ்ராயே தான்) தலைமைல கமிட்டி போட்டு அந்த வருஷ டிசம்பர்லயே ரிப்போர்ட் வந்துச்சு. வெளிய போனா நாட்டுக்கே ஆபத்துங்கறவன் ஏ, தொறந்தவெளி ஜெயில்ல நம்பி விடலாம்ங்கறவன் டி. நல்லா கவனிங்க, இதுல கேக்கற கேள்வி தப்பிச்சா என்ன ஆகும்ங்கறது. செல்லுல பக்கத்துல படுத்திருக்கறவனுக்கு என்ன ஆகும்ங்கறது வேற கேள்வி. இந்த ரெண்டுக்கும் ஒரே முத்திரைய குத்தறது தான் பல இடத்துல நடக்கற தப்பு, உளவாளி செல் மேட்டை அடிக்க மாட்டாரு, பிளேடு திருடினவன் கூட இருந்தவன் அடிச்சான்.

இப்ப கொஞ்சம் நம்ம பக்கம் வருவோம், இது கட்டுரைல வரவே இல்ல, வந்திருக்கணும். ஆளை பாக்க சோம்பேறித்தனம் வந்தா நிர்வாகம் எதை பாக்கும்னா அவன் எந்த சாதி, எந்த இனம்னு கூட்டத்தை பாக்கும். பாளையங்கோட்டை மத்திய சிறைல சாதி வாரியா தனித்தனி பிளாக்ல வைக்கறாங்கன்னு ஒரு கேஸ் ஐகோர்ட்டுக்கு போச்சு. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் சாதி மோதல் இருக்கு, அதை தவிர்க்கத்தான் பிரிச்சு வைக்கறோம்னு அரசு சொன்னத 2014 ல ஐகோர்ட் ஏத்துக்கிச்சு. பத்து வருஷம் கழிச்சு 2024 அக்டோபர் 3 ஆம் தேதி பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச், அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமைல, அந்த வாதத்தை ஒத்துக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஒழுங்கை காப்பாத்தறது ஜெயில் நிர்வாகத்தோட வேலை, அதுக்காக சாதி பிரிவினைய கையில எடுக்க முடியாதுன்னு. அதோட நிக்கல, ஜெயில் ரெஜிஸ்டர்ல சாதி எழுதற கட்டத்தையே எடுங்க, மூணு மாசத்துல சிறை விதிகளை மாத்துங்கன்னும் உத்தரவு போட்டுச்சு. ராஜஸ்தான் பழைய விதில கக்கூஸ் கழுவற வேலைய ஒரு சாதிக்கும் சமையல் வேலைய இன்னொரு சாதிக்கும் எழுதியே வச்சிருந்தாங்கன்னா பாத்துக்கோங்க, சட்டப் புத்தகத்துல அச்சடிச்சு. பழக்கமான குற்றவாளின்னு (திரும்பத் திரும்ப குத்தம் பண்றவன்னு) ஒரு வகை இருக்கு, அதுலயும் 1871 குற்றப் பரம்பரை சட்டத்தோட வாடை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, சட்டம் 1952 லயே போயிடுச்சு ஆனா விதி புத்தகத்துல ஒரு இனமே பிறவிக் குற்றவாளிங்கற நெனப்பு உக்காந்திருந்துச்சு, அதையும் கோர்ட் கை வச்சுது.

இதே கதை அமெரிக்காவுலயும். கலிஃபோர்னியால புதுசா வர்ற கைதிய இல்லன்னா வேற ஜெயில்லேந்து மாத்தி வர்றவனை 60 நாள் வரைக்கும் அதே நிறத்து ஆளோட தான் ஒரே செல்லுல போட்டுக்கிட்டு இருந்தாங்க, கேட்டா கேங்கு சண்டை வரும்னு பதில். 2005 ல ஜான்சன் வழக்குல அங்க சுப்ரீம் கோர்ட், இனத்தை வச்சு பிரிச்சா அது ரொம்ப கடுமையான பரிசோதனைல தேறணும், ஜெயில்ங்கறதுக்காக சலுகை கிடையாதுன்னு சொல்லுச்சு. எனக்கு தெரிஞ்சு இந்த ரெண்டு தீர்ப்பும் ஒரே விஷயத்த தான் சொல்லுது, உங்களுக்கு பயம் இருந்தா அந்த பயத்துக்கு காரணமான ஆளை கண்டுபிடிங்க, அவன் பொறந்த கூட்டத்தை தூக்கி ஒரு மூலைல வைக்காதீங்க.

அப்ப எதிரிங்கள ஒண்ணா போடணுமாய்யா, ரத்தம் ஓடினா நீ வருவியான்னு ஜெயிலர் ஒருத்தர் கேட்டா அது நியாயமான கேள்வி தான், நான் மறுக்கல. பிரேசில்ல மனாஸ் நகரத்துல 2017 ஜனவரி மொத நாள்ல ஒரு ஜெயில்ல ரெண்டு கேங்கு மோதி 56 பேர் செத்தாங்க. கேங்குல இருக்கான், இன்னாரோட பகை, இன்னார் கொலைல சாட்சின்னு தெரிஞ்சா கண்டிப்பா பிரிச்சு தான் ஆகணும். ஆனா அது தனி ஆளோட தகவல், அதுக்கு ஆதாரம் இருக்கணும், ஃபைல்ல எழுதியிருக்கணும், ஆறு மாசத்துல திரும்ப பாக்கணும். இன்ன சாதி, இன்ன நிறம், இன்ன மாவட்டம்ங்கறது தகவலே இல்ல. இன்னும் சொல்லப்போனா கூட்டம் கூட்டமா பிரிச்சு வச்சா அந்த கூட்டம் உள்ள பலமாகுது, வர்ற புது பையன் விருப்பம் இருக்கோ இல்லையோ அந்த பிளாக்குக்கு அடிமையாகறான், வெளிய இல்லாத பகைய உள்ள போய் கத்துக்கிட்டு வர்றான்.

பாதுகாக்கறதுக்காக பிரிக்கறதும் சில சமயம் ஆபத்து, இது நிறைய பேருக்கு தெரியாது. அமெரிக்கால நியூ மெக்சிகோ மாநிலத்துல சாண்டா ஃபே ஜெயில்ல 1980 பிப்ரவரில நடந்த கலவரத்துல 33 கைதிங்க செத்தாங்க, சக கைதிங்க கையால. அதுல பல பேர் நாலாம் பிளாக் ஆளுங்க, அது பாதுகாப்பு பிளாக், போலீசுக்கு தகவல் சொன்னவங்க, மத்தவங்களால மிரட்டப்பட்டவங்கன்னு தேடித்தேடி ஒரே இடத்துல வச்சிருந்தாங்க. கலவரக்காரங்களுக்கு வேலை சுலபமாயிடுச்சு, யாரை கொல்லணும்னு தேடவே வேணாம், பிளாக் நம்பரே சொல்லிடுச்சு. ஜெயில் நிரம்பி வழிஞ்சது, பிரிக்கற முறையே குலைஞ்சு போயிருந்துச்சு.

அந்தஸ்து பாத்து பிரிக்கறதும் நம்மகிட்ட இன்னும் இருக்கற வியாதி. இதுக்கு ஒரு சோகமான வரலாறு இருக்கு. லாகூர் ஜெயில்ல ஜதின் தாஸ், பகத் சிங் கூட்டாளி, அரசியல் கைதிங்கள மனுஷனா நடத்துன்னு கேட்டு உண்ணாவிரதம் இருந்து 63 ஆவது நாள், 1929 செப்டம்பர் 13 ல உயிரை விட்டாரு. அதுக்கப்புறம் வெள்ளைக்காரன் 1930 ல ஏ பி சி ன்னு மூணு வகுப்பு கொண்டுவந்தான், ஆனா எதை வச்சுன்னா படிப்பு, சமூக அந்தஸ்து, வாழ்ந்து பழகின வசதி. அவங்க கேட்டது மரியாதை, கெடச்சது பணக்காரனுக்கு கட்டில். சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் படிச்சவன் வரி கட்டறவன்னா மேல் வகுப்பு கேட்டு மனு போடற பழக்கம் போகல, நானே அந்த மாதிரி மனுவை கட்சிக்காரங்களுக்காக எழுதி போட்டிருக்கேன், சட்டத்துல இருக்கும்போது கேக்காம இருந்தா அது என் வேலைல தப்பு. ஆனா முறைன்னு பாத்தா இது முறையே இல்ல. 1980 ல பிரேம் சங்கர் சுக்லா வழக்குல நீதிபதி கிருஷ்ணய்யர், கைவிலங்கு போடறதுல மேல் வகுப்பு கைதி சாதா கைதின்னு வித்தியாசம் காட்டறது அறிவுக்கு ஒத்துவராதுன்னு அடிச்சாரு, பணக்காரன் ஓட மாட்டான் ஏழை ஓடுவான்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு.

சரி, சாதி வேணாம் அந்தஸ்து வேணாம் கேஸும் வேணாம், ஒரு கைதியால எவ்வளவு ஆபத்துன்னு பாயிண்ட் போடற ஃபாரம் இருக்கே, கம்ப்யூட்டர்ல போட்டா பாரபட்சம் இல்லாம வந்துடுமேன்னு இப்ப நிறைய பேர் சொல்றாங்க. அது பழைய முறைய விட நல்லது தான், சந்தேகமே இல்ல. அமெரிக்கால அலபாமா மாநில ஜெயில்ங்க இருந்த கேவலத்த பாத்து 1976 ல ஃபெடரல் நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் எல்லா கைதியையும் திரும்ப வகை பிரிங்கன்னு உத்தரவு போட்டாரு, பிரிச்சு பாத்தா மேக்ஸிமம் செக்யூரிட்டில அடைச்சு வச்சிருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அவ்வளவு காவல் தேவையே இல்லன்னு தெரிஞ்சுது. அதிகாரி மனசுக்கு தோணினத வச்சு பிரிச்சா எப்பவும் மேல மேல தான் போகும், ஏன்னா கீழ் லெவல்ல போட்டு ஏதாவது ஆச்சுன்னா அவர் மாட்டுவாரு, மேல் லெவல்ல போட்டு ஒருத்தன் பைத்தியமானா யாரும் கேக்க மாட்டாங்க. அங்கயே ஒஹையோல 1998 ல சூப்பர்மேக்ஸ்னு உச்சகட்ட காவல் ஜெயில் தொறந்தாங்க, ஒரு நாளைக்கு 23 மணி நேரம் தனி செல், லைட்டு அணையவே அணையாது. கட்டி முடிச்சாச்சு, நிரப்பணும்ல, ஆரம்பத்துல யாரை அனுப்பறதுங்கறதுக்கு ஒழுங்கான அளவுகோலே இல்லாம கண்டபடி அனுப்பினாங்க. 2005 ல ஆஸ்டின் வழக்குல அங்க சுப்ரீம் கோர்ட், அப்படி ஒரு இடத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கைதிக்கு காரணம் சொல்லணும், அவன் பதில் சொல்ல வாய்ப்பு குடுக்கணும்னு சொல்ல வேண்டி வந்துச்சு. மண்டேலா விதில 15 நாளைக்கு மேல தொடர்ச்சியா தனிமைல வைக்கக்கூடாதுன்னு இருக்கு, அத ஞாபகம் வச்சுக்கிட்டு படிச்சா தான் இதோட கனம் புரியும்.

ஆனா ஃபாரத்தையும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது. கனடால ஈவர்ட்னு ஒரு பூர்வகுடி கைதி, முப்பது வருஷத்துக்கு மேல உள்ள இருந்தவர், நான் எவ்வளவு ஆபத்தானவன்னு அளக்கற டெஸ்ட் எல்லாம் எங்க மக்கள் மேல சரி பாத்ததே இல்லன்னு கேஸ் போட்டாரு. 2018 ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் அவர் சொன்னது சரின்னு சொல்லிடுச்சு, அந்த டெஸ்ட் அவங்களுக்கு பொருந்துதான்னு பாக்காம பயன்படுத்தினது சட்டப்படி தப்புன்னு. பெண்கள் விஷயத்துலயும் இதே தான், ஆம்பளைங்கள வச்சு செஞ்ச மார்க்கை பொம்பளைக்கு போட்டா தேவைக்கு மேல பெரிய ஆபத்துன்னு வரும், வீட்டுல அடி வாங்கி வாங்கி ஒரு நாள் திருப்பி அடிச்சவங்க கூட வன்முறை குற்றவாளின்னு மேல் லெவலுக்கு போயிடுவாங்க, கொழந்தைய பாக்க முடியாத தூரத்துல போய் கிடப்பாங்க. 2010 ல ஐ.நா. கொண்டுவந்த பாங்காக் விதிகள் பெண்களை வகை பிரிக்கறதுக்கு அவங்க வாழ்க்கைய பாத்து தனியா முறை வேணும்னு சொல்றதுக்கு காரணம் இது தான். ஃபாரம் நெரப்பறவருக்கு அத மீறி முடிவெடுக்க அதிகாரமும் வேணும், அப்படி மீறினா ஏன்னு ஒரு வரி எழுதற கட்டாயமும் வேணும், ரெண்டும் சேந்து இருந்தா தான் அது வேலை செய்யும்.

இதெல்லாம் பேசிட்டு ஜெயில் நெரிசலை பத்தி பேசாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022 க்கு குடுத்த கணக்குப்படி இந்திய ஜெயில்ல இருக்க வேண்டியது சுமார் 4.36 லட்சம் பேர், இருந்தது 5.73 லட்சம், அதாவது 131 சதவீதம். அதுல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதி, தண்டனையே வராதவங்க. படுக்க எடம் இல்லாத பிளாக்ல எவ்வளவு நல்ல வகை பிரிப்பு வச்சிருந்தாலும் அது பேப்பர்ல தான் இருக்கும், நைட்டு எட்டு மணிக்கு கோர்ட்லேந்து வேன் வந்து முப்பது பேரை இறக்கினா அந்த ஒத்தை ஆபீசர் என்ன பண்ணுவாரு, சோதனை போடணும், சாமான் எழுதணும், டாக்டர் இருந்தா காட்டணும், ஒவ்வொருத்தரோடயும் ரெண்டு நிமிஷம் கூட கெடைக்காது. அவரை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. பெயில் குடுக்க வேண்டியவனுக்கு பெயில் குடுத்தாலே பாதி பேரை வகை பிரிக்க வேண்டிய தேவையே வராது, இத நான் கோர்ட் பக்கம் நின்னு சொல்றேன், தப்பு எங்க ஆளுங்க பக்கமும் இருக்கு.

ஆனா ஆள் பத்தாக்குறைய காரணமா சொல்லி விட்டுடற ஒரு விஷயம் இருக்கு, அத தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். அது ரெண்டாவது தடவை பாக்கறது. மொத நாள் ராத்திரி எடுக்கற முடிவு அவசரத்துல எடுத்தது, தப்பா தான் இருக்கும், அது பரவால்ல, ஆனா அந்த தப்பு அப்படியே வருஷக்கணக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது. அமெரிக்கால ஜெயில் பாலியல் வன்முறைய தடுக்க 2003 ல கொண்டுவந்த சட்டத்துக்கு கீழ போட்ட விதில, வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஒரு மதிப்பீடு, 30 நாளுக்குள்ள திரும்ப ஒரு மதிப்பீடு, அதுக்கப்புறமும் சம்பவமோ புகாரோ புது தகவலோ வந்தா உடனே இன்னொண்ணுன்னு தெளிவா இருக்கு. அந்த 30 நாள்ங்கறது சும்மா இல்ல. மொத நாள் பயத்துல ஒருத்தன் வாயே தொறக்க மாட்டான், என்னை மிரட்டறாங்கன்னு பக்கத்துல நாலு பேர் நிக்கும்போது எப்படி சொல்வான், ஒரு மாசம் ஆனா தான் போதை தெளியும், யார் கூட சேர்றான்னு தெரியும், மனு எழுதி குடுப்பான், வீட்டுலேந்து பாக்க வந்தவங்க அழுதுட்டு போவாங்க, அதெல்லாம் தகவல். நான் பாத்த எத்தனையோ ஃபைல்ல அட்மிஷன் அன்னைக்கு எழுதினது மட்டும் தான் இருக்கும், ரெண்டாவது கையெழுத்தே இருக்காது. அடிதடி கேஸ்னு ஹை செக்யூரிட்டி பிளாக்ல போட்ட ஒருத்தர் மேல அந்த செக்‌ஷனையே சார்ஜ்ஷீட்ல எடுத்துட்டாங்க, அந்த விஷயம் ஜெயில் ரெஜிஸ்டருக்கு வந்து சேரவே இல்ல, அவர் அங்கயே தான் இருந்தாரு, நான் மனு போட்டப்ப தான் அட ஆமான்னு மாத்தினாங்க. வக்கீல் இல்லாதவனுக்கு யாரு மனு போடுவா.

அதே மாதிரி கீழ் லெவலுக்கு இறங்கற வழியும் ஃபைல்ல எழுதி வச்சிருக்கணும். இத்தனை மாசம் பிரச்சனை இல்லாம இருந்தா, இன்ன வேலை கத்துக்கிட்டா, இந்த தேதில உன் கேஸை திரும்ப பாப்போம்னு கைதிகிட்டயே சொல்லணும். என்ன செஞ்சாலும் இதே பிளாக் தான்னு தெரிஞ்சவன் எதுக்கு ஒழுங்கா இருக்கணும் சொல்லுங்க.

அதனால ஆசிரியர் சார், இந்த விஷயத்துல அடுத்து கட்டுரை போடும்போது பெரிய கேஸ் சின்ன கேஸ்ங்கறத விட்டுட்டு உங்க நிருபர்கிட்ட நாலு கேள்வி குடுத்து அனுப்புங்க. செல்லு ஒதுக்கற முடிவ யார் எடுக்கறாங்க, அவங்க கைக்கு போன ஜெயிலோட ஃபைலும் டாக்டர் குறிப்பும் வருதா. முடிவை கைதிகிட்ட சொல்றாங்களா, அவர் ஆட்சேபம் சொன்னா எங்க எழுதறாங்க. போன வருஷம் எத்தனை பேருக்கு ரெண்டாவது மதிப்பீடு நடந்துச்சு, அதுல எத்தனை பேர் கீழ் லெவலுக்கு இறங்கினாங்க. சாதி கட்டத்தை எடுக்கச் சொன்ன தீர்ப்புக்கு அப்புறம் ரெஜிஸ்டர்ல அந்த கட்டம் இன்னும் இருக்கா, அத கண்ணால பாத்தீங்களா. ஆர்.டி.ஐ. போட்டா கூட இதுக்கெல்லாம் பதில் வாங்கலாம், பதில் வந்தா அப்படியே அச்சடிங்க, வரலன்னா வரலன்னு அச்சடிங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினம் படிக்கற ஒரு வக்கீல்